கடல் கடந்த ஆய்வாளரும் கம்பளிப் போர்வையும்

ஆய்வாளர் ஒருவர் தம் நாட்டை விட்டு வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும்போது அவருக்கு இருவகை உதவிகள் தேவைப்படுகின்றன. முதல்வகை உதவி அவரை அங்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அழைப்புக் கடிதம், உதவித்தொகை, பயணச்சீட்டு, நுழைவிசைவு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம்வகை உதவி அவரை அங்கு நிலைகொள்ளச் செய்வது. எங்கே உறங்குவது, எதை உண்பது, குளிருக்கு எதைப் போர்த்துவது, உடல்நலம் குன்றினால் யாரிடம் சொல்வது என்னும் கேள்விகளுக்கு விடை தருவது அது. முதல்வகை உதவிக்குக் கோப்புகள் உண்டு, கையொப்பங்கள் உண்டு. இரண்டாம்வகை உதவிக்குப் பெரும்பாலும் எந்தப் பதிவும் இருப்பதில்லை.

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி அவருடன் பழகியவர்கள் பலர் எழுதி வைத்துள்ளனர். ஆகவே, பதிவில்லாத அந்த இரண்டாவது உதவி அவருக்கு எப்போது கிடைத்தது, எப்போது கிடைக்காமற்போனது என்பதை இன்றும் அறிய முடிகிறது.

சென்னையில் எழுந்த ஐயங்கள்

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாத ஊதியம் முப்பது ரூபாய். 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேரறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் இருந்த தேற்றங்களைக் கண்டு வியந்த ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க விரும்பினார். இராமானுஜன் முதலில் இசையவில்லை. கடல் கடந்து செல்வது அக்காலத்தில் அவருடைய குடும்ப வழக்கத்திற்கு மாறானது. தாயின் ஒப்புதலும் வேண்டியிருந்தது.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெவில் என்னும் இளங்கணிதர் சொற்பொழிவு ஆற்றுவதற்காகச் சென்னைக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. இராமானுஜனை அழைத்து வரும் பொறுப்பை ஹார்டி அவரிடம் ஒப்படைத்திருந்தார். நெவில் கேட்டபோது இராமானுஜன் மறுக்கவில்லை; அதற்குள் அவர் மனம் மாறியிருந்தது. எஞ்சி நின்றவை ஐயங்கள் மட்டுமே. செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? தம் ஆங்கிலம் போதுமா? அங்கும் தேர்வு எழுத வேண்டுமா? மரக்கறி உணவு கிடைக்குமா?

கணிதத்தில் ஒப்பற்றவரான இராமானுஜன் தேர்வுக்கு அஞ்சியது வியப்பாகத் தோன்றலாம். கல்லூரியில் கணிதம் தவிரப் பிற பாடங்களில் தேர்ச்சி பெறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர். அந்த வடு ஆறியிருக்கவில்லை. நெவில் அவருடைய ஐயங்களில் எதையும் சிறியதென்று ஒதுக்கவில்லை. தேர்வு இல்லை என்றார். ஆங்கிலம் போதும் என்றார். உணவு வழக்கம் மதிக்கப்படும் என்று உறுதி கூறினார். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டா என்று கூறியதோடு நில்லாமல், சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவரே கடிதமும் எழுதினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் வழங்க முன்வந்தது. அதில் 50 பவுன் ஆண்டுதோறும் குடும்பத்திற்குச் சென்றது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுன் அளித்தது.

பயணத்திற்கு முன் இராமானுஜனின் குடுமி நீக்கப்பட்டது. கோட்டும் காலணியும் வாங்கப்பட்டன. கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்பதற்கும் பயிற்சி தரப்பட்டது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் அவர் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

நெவிலின் இல்லம்

ஏப்பிரல் 14ஆம் நாள் அவர் இலண்டன் சேர்ந்தபோது நெவில் தம் சகோதரருடன் மகிழுந்தில் வந்து காத்திருந்தார். முகம் தெரியாத நகரத்தில் தெரிந்த முகம் ஒன்று நின்றது. இந்திய மாணவர்களுக்காக இலண்டனில் நடத்தப்பட்ட விடுதியில் சில நாள் தங்கியபின், கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையில் இருந்த நெவிலின் வீட்டிற்கே இராமானுஜன் சென்றார். நெவிலும் அவர் மனைவி ஆலிசும் ஏறத்தாழ இரண்டு மாதம் அவரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டனர். புதுக் காலணிகள் அவர் காலை வருத்தின. வீட்டிற்குள் செருப்பு அணிவதே அவருக்கு ஆறுதலாக இருந்தது. இத்தகைய சிறு துன்பங்களைக்கூட நெவில் பின்னாளில் நினைவில் வைத்து எழுதினார் என்பதிலிருந்தே அவர் எவ்வளவு உற்றுக் கவனித்தார் என்பது விளங்கும்.

சூன் மாதத்தில் இராமானுஜன் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறை அருகில் இருந்ததால் ஆய்வுக்கு அது வசதியாயிற்று. ஆனால், உணவு மேசையில் எதிரே அமர்ந்து பேசுவதற்கு ஒரு குடும்பம் இப்போது இல்லை. இரண்டு மாதங்களில் உலகப் போரும் மூண்டது. ஹார்டியுடன் இணைந்து பணியாற்றிய லிட்டில்வுட் படைப்பணிக்குச் சென்றார். கல்லூரியில் இளைஞர் கூட்டம் குறைந்தது. ஊரிலிருந்து வரும் கடிதங்களும் பொருள்களும் தாமதமாயின.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மகலனோபிசு பின்னாளில் கூறியுள்ளார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931ஆம் ஆண்டு நிறுவிய அதே மகலனோபிசுதான் இவர். அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று அவர் இராமானுஜனிடம் கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்கியும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். போர்வைகள் போதவில்லையோ என்று எண்ணிய மகலனோபிசு படுக்கை அறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் பல கம்பளிகள் இருந்தன. ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்புப் போடப்பட்டிருந்தது. கம்பளியை விலக்கி அதனுள் புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் இத்தனை நாளும் எல்லாக் கம்பளிகளுக்கும் மேலே படுத்து நடுங்கியிருக்கிறார்! மகலனோபிசு அதை விலக்கிக் காட்டினார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. பாயை விரித்து, போர்வையை உதறிப் போர்த்தி உறங்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு, இறுகச் செருகிய படுக்கை ஒரு மூடிய உறை போலத்தான் தோன்றும். கல்லூரி அவருக்குக் கம்பளிகளைக் கொடுத்துவிட்டது. பதிவேட்டில் குறை ஒன்றும் இல்லை. குளிர்கிறதா என்று கேட்டு, அறைக்குள் சென்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

உணவுத் துன்பம் இதைவிடப் பெரிது. கல்லூரிச் சமையலறையில் மரக்கறி உணவில் விலங்குக் கொழுப்புச் சேருமோ என்ற ஐயம் இராமானுஜனை விட்டு நீங்கவில்லை. எனவே தம் அறையிலேயே சமைத்து உண்டார். புளி முதலிய பொருள்களை ஊரிலிருந்து வரவழைத்தார். கணக்கில் ஆழ்ந்துவிட்டால் இரவு பகல் பாராமல் உழைத்து, உண்ணும் நேரத்தை மறந்துவிடுவார். ஒருமுறை அவர் சாட்டர்ஜி என்னும் வங்க நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்து, தாமே சமைத்துப் பரிமாறினார். இரசத்தை இருமுறை வாங்கி அருந்திய விருந்தினர் மூன்றாம் முறை வேண்டா என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. அவர் அறையைவிட்டு வெளியேறி, கேம்பிரிட்ஜையும் விட்டு ஆக்சுபோர்டுக்கே போய்விட்டார்! சில நாள் கழித்து, திரும்பி வர ஐந்து பவுன் அனுப்புமாறு அவரிடமிருந்து சாட்டர்ஜிக்குத் தந்தி வந்தது. அயலூரில் அரிதாகக் கிடைத்த புளியில் வைத்த இரசம் அது. பெரும்பாலும் தனியே உண்டு பழகியவர் அன்றைக்கு ஒருநாள் விருந்தளிப்பவராக இருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் மனம் ஏன் அவ்வளவு நொந்தது என்பது ஓரளவு புரியும்.

ஹார்டி இராமானுஜனுக்குச் செய்தவை அளவிடற்கரியன. அவரால்தான் உலகம் இராமானுஜனை அறிந்தது. இங்கிலாந்தில் இருந்த காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இராமானுஜன் வெளியிட்டார். 1918ஆம் ஆண்டு அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்ற ஒரே இந்தியர் பம்பாயைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி. அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் இராமானுஜனுக்குக் கிடைத்தது. எனினும், ஹார்டி கூச்சம் மிகுந்தவர்; பிறருடைய சொந்த வாழ்வைப் பற்றிக் கேட்கத் தயங்குபவர். நாள்தோறும் சந்தித்துக் கணிதம் பேசிய இருவரிடையே, நேற்று இரவு என்ன உண்டீர் என்னும் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

1917ஆம் ஆண்டு இராமானுஜன் நோயுற்றார். மருத்துவமனைகள் மாறின, நோய் நீங்கவில்லை. மருத்துவமனை உணவு அவருக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. குளிரும் சரியான உணவின்மையும் மட்டுமே அந்நோய்க்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. அது காசநோய் என்று அன்றைய மருத்துவர் கருதினர். குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பின்வந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. ஆனால், நோயைத் தாங்கும் வலிமையை அந்த ஆண்டுகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டன என்பதில் ஐயமில்லை.

பம்பாய்த் துறைமுகத்தில்

1919ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் ‘நகோயா’ என்னும் கப்பல் இராமானுஜனைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. அவருடைய தாயார் கோமளத்தம்மாளும் தம்பியும் துறைமுகத்திற்கு வந்திருந்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் தாயைக் கண்டது இந்த நகரில்தான். இங்கிருந்து சென்னைக்கு இரயிலில் சென்றார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் மனைவி ஜானகி அம்மாள் சில ஆண்டுகள் பம்பாயில் தம் உடன்பிறந்தவருடன் வாழ்ந்தார். இங்குதான் அவர் தையற்கலை கற்றார். பின்னர்ச் சென்னை திரும்பி அத்தொழிலால் தம்மைத் தாமே காத்துக்கொண்டார்.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1930ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், இதே துறைமுகத்திலிருந்து மற்றொரு தமிழ் இளைஞர் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வயது பத்தொன்பது. விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய தம் புகழ்பெற்ற கணக்கை அவர் அந்தக் கப்பற்பயணத்தின்போதே தொடங்கினார். அதற்கு 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு வரவிருந்தது. அவர் புறப்பட்டபோது தாயார் நோயுற்றிருந்தார். எனினும் மகன் போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. அடுத்த ஆண்டு மே மாதம் தாயார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். அங்கு அவருக்கு அறிவுத் துணை இருந்தது; நெருங்கிய நட்பு அரிதாக இருந்தது. பின்னர் டென்மார்க்கின் கோபன்கேகனில், நீல்சு போரின் நிறுவனத்தில் ஏறக்குறைய ஓராண்டு தங்கியபோதுதான், பல நாட்டு இளம் ஆய்வாளர்கள் ஒன்றாகக் கூடிப் பேசி மகிழும் சூழல் அவருக்கு வாய்த்தது.

நாட்டு விடுதலைக்குப் பின் பம்பாயிலிருந்தே ஆய்வாளர்கள் வெளிநாடு செல்லத் தொடங்கினர். 1953ஆம் ஆண்டில் எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேசாத்திரி என்னும் இரு தமிழ் இளைஞர்கள் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தனர். அந்நிறுவனம் அப்போது இந்தியாவின் நுழைவாயிலுக்கு அருகே பழைய படகுக் கழகக் கட்டடத்தில் இயங்கியது. அவர்களை அங்குச் செல்லுமாறு தூண்டியவர் சென்னை இலயோலா கல்லூரிப் பேராசிரியர் அருட்தந்தை இரசீன். அவர் பிரான்சிலிருந்து வந்து தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டவர். அயல்நாட்டிலிருந்து வந்து நிலைகொண்ட ஓர் ஆசிரியர், இந்நாட்டு மாணவர்களுக்குப் புதிய கணிதத்தின் வாயிலைத் திறந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1957ஆம் ஆண்டு இருவரும் பாரிசு சென்றனர். அங்கு நரசிம்மனுக்கு நுரையீரல் உறையில் அழற்சி கண்டு, மருத்துவமனையில் நெடுநாள் தங்க நேர்ந்தது. இராமானுஜனின் மருத்துவமனை நாள்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நரசிம்மன் அங்கு எளிய மக்களோடு பழகினார். பிரான்சு நாட்டின் மெய்யான முகத்தை அங்கேதான் கண்டதாகப் பின்னாளில் கூறினார். பாரிசில் பழகிய கொத்தாக்கே என்னும் சப்பானியக் கணிதருடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். உடன் வந்த நண்பரும் உடன் பணியாற்றும் தோழரும் அவருக்கு இருந்தனர். நாடு திரும்பியபின் நரசிம்மனும் சேசாத்திரியும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

தேவ்னாருக்கு வருவோர்

இதுவரை கூறியவை நம்மவர் வெளிநாடு சென்ற வரலாறு. வெளிநாட்டவர் இங்கு வருவதும் உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னாரில் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் உள்ளது. இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் அவை, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியால் 1956ஆம் ஆண்டு இது தொடங்கப்பெற்றது. ஆசியா, பசிபிக் பகுதி நாடுகளுக்குப் பயிற்சி அளிக்கும் மையமாக இது விளங்குகிறது. ஆப்பிரிக்க நாட்டவரும் இங்கு வந்து பயின்றுள்ளனர். டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் இதே தேவ்னாரில்தான் இருக்கிறது.

இங்கு வரும் ஆய்வாளருக்கும் முதல்வகை உதவி முறையாகவே கிடைக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட நுழைவிசைவில் வருபவர் பொதுவாக 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தம் வருகையைப் பதிய வேண்டும். அவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்திற்குள் அச்செய்தியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவங்கள், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் ஆகியவற்றுக்கு நிறுவன அலுவலகம் வழிகாட்டும். எந்தப் படிவத்திலும் இல்லாத செய்திகள் வேறு. புதிய கல்வியாண்டு தொடங்கும் நாளில்தான் மும்பையில் பருவமழையும் தொடங்குகிறது. வறண்ட நாட்டிலிருந்து வருபவருக்கு, மழை வலுத்தால் இரயில்கள் நின்றுவிடும் என்பதை யாராவது சொல்ல வேண்டும். துவைத்த துணி நான்கு நாளாகியும் காயாது என்பதையும், புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குக் காய்கறிக் கடையில் விலை கேட்க நாலைந்து மராத்திச் சொற்களும் இந்திச் சொற்களும் கற்றுத்தர வேண்டும்.

இந்த உதவி மும்பைத் தமிழருக்குப் புதியதன்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தோர், முதலில் இறங்கியது ஊர்க்காரர் வீட்டில்தான். ஒரே அறையில் ஏற்கெனவே பலர் இருந்த இடத்தில் வந்தவருக்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டது. வேலை கிடைக்கும்வரை அவருக்கும் சேர்த்து உலை வைக்கப்பட்டது. அலுவலகப் பணிக்காக வந்த தனியாள்கள் மாதுங்காவில் தங்கினர். அவர்களுக்காக அங்கு மாதக் கட்டணத்தில் உணவளிக்கும் உணவகங்கள் பல தோன்றின. 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விக் கழகம் மாதுங்காவில் தொடங்கப்பட்டது. 1942ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இராம நாயக்கின் உடுப்பி உணவகம் இன்றும் மாதுங்கா நிலையத்தின் அருகே வாழையிலையில் சோறு பரிமாறுகிறது. அதை நடத்தியவர் தமிழர் அல்லர். கன்னட நாட்டு உடுப்பிக்காரர். சாம்பாருக்கும் இரசத்திற்கும் ஏங்கி வந்த தமிழ் எழுத்தர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை.

தேவ்னாருக்கு இலங்கையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தால், அவருக்கு இன்று புளியைக் கப்பலில் வரவழைக்கும் தேவை இல்லை. கோவண்டி நிலையத்தில் ஏறிக் குர்லாவில் இறங்க வேண்டும். அங்கே நடைமேடை மாறி, தாதர் பக்கம் செல்லும் மெதுவண்டியைப் பிடித்தால் இரண்டாவது நிலையம் மாதுங்கா. விரைவு வண்டி மாதுங்காவில் நிற்காது. முதல்முறை வருபவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. குர்லாவின் நெரிசலில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வதும் எளிதன்று. அன்றைக்கு ஒருநாள் யாராவது உடன் செல்ல வேண்டும்.